பூனைக்குக் கட்டிய வலை

அந்த வீட்டுப் பின்கதவுக்கு ஒரு குணம் உண்டு. இழுத்துச் சாத்தினால் சாத்தினது போலத்தான் இருக்கும், ஆனால் தாழ் விழுந்திருக்காது. கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கி, முழங்காலால் ஒரு முட்டு முட்டினால்தான் உள்ளே போய் உட்காரும். மழைக்காலத்தில் ரெண்டு முட்டு. தச்சரைக் கூப்பிட்டுச் சரி பண்ண வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் இருபத்திரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சில் குறை வைத்ததில்லை.

வீட்டுக்காரர்கள் என்றால் இளையவளும் அவள் புருஷனும்தான். இளையவள் இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறவள். புருஷன் துறைமுகத்து வலைக் கொட்டகையில் கிழிந்த வலைகளை முடைகிறவர், புது வலைகளைக் கயிற்றில் கோத்துத் தருகிறவர். தெருவில் அவருக்கு வலைக்காரர் என்றுதான் பேர். நாளொன்றுக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். அதிலும் பாதி ‘ம்’ என்பதாக இருக்கும்.

மகன் வெளியூரில் வேலைக்குப் போனபின் ஓர் அறை காலியாகக் கிடந்தது. அதில் எட்டு மாதத்துக்கு முன்னால் அக்கா வந்து சேர்ந்தாள். இளையவளைவிட ஆறு வயது மூத்தவள். கணவன் போய்ச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அவள் குடியிருந்த கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள் என்றதும் தையல் மெஷினையும் ரெண்டு பூனைகளையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பூனைகள் ஒரே ஈற்றில் பிறந்த பெட்டைகள். வெள்ளை நிறத்தவள் பஞ்சு, சாம்பல் நிறத்தவள் சாம்பி. மூன்றாவது மாடியில் வளர்ந்தவை, மண்ணை மிதித்ததே கிடையாது. இங்கேயோ வீட்டுக்குப் பின்னால் சந்து, சந்து முனையில் ஐஸ் ஃபாக்டரி, நாள் முழுக்க வண்டிகள், வண்டிகளுக்குக் கீழே நாய்கள். “கதவு, ஜன்னல் ஜாக்கிரதை” என்று வந்த அன்றைக்கே அக்கா சொல்லிவிட்டாள். பின்கதவின் குணத்தையும் ரெண்டு பேரும் அவளுக்குச் செய்து காட்டினார்கள்.

சின்ன வயதில் ஒரே பாயில் படுத்தவர்கள், கல்யாணமாகி ஆளுக்கொரு ஊராகப் போனபின் வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டதே அபூர்வம். இப்போது சாயங்காலமானால் அக்கா மெஷினில் உட்கார்ந்திருப்பாள், இளையவள் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு பிரித்த தையலின் நூலைப் பொறுக்குவாள். யாரையாவது பற்றி ரெண்டு பேரும் வம்பு பேசுவார்கள். கம்பெனியில் ஏழு மணி நேரம் நின்ற கால்வலி அந்த நேரத்தில்தான் இறங்கும். இதை இழக்க அவள் தயாராக இல்லை. கதை முழுக்க அவள் செய்ததற்கும் செய்யாததற்கும் அதுதான் காரணம்.

நடந்தது இதுதான். கம்பெனி வேன் காலை ஐந்தே முக்காலுக்கு சந்து முனைக்கு வரும். டிரைவர் ரெண்டு ஹாரன் அடிப்பான், மூன்றாவது அடிக்க மாட்டான். அன்றைக்கு இளையவளுக்கு ஒரு கையில் குப்பைப் பை, இன்னொரு கையில் சாப்பாட்டு டப்பா. ரெண்டாவது ஹாரன் கேட்டுவிட்டது. பின்கதவைக் காலாலேயே இழுத்துவிட்டு ஓடினாள்.

கம்பெனியில் கையுறையைத் தாண்டி ஐஸ் குளிர் ஏறும். தலையைத் திருகி, ஓட்டைப் பிரித்து, முதுகுக் குடலை நரம்பு போல உருவி, உரித்ததை ஒரு தட்டிலும் கழிவை ஒரு வாளியிலும் போட வேண்டும். விரல்கள் தானாகச் செய்யும், புத்தி எங்கேயாவது சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்பது மணிவாக்கில் அவள் புத்தி பின்கதவுக்குப் போனது. இழுத்தது ஞாபகம் இருந்தது. முட்டியது ஞாபகம் இல்லை. மறுபடி மறுபடி யோசித்துப் பார்த்தாள், முழங்காலில் மரம் பட்டதாகவே தெரியவில்லை. மேற்பார்வைக்காரி வந்து, தட்டில் ஓட்டோடு கிடந்த நாலு இறாலைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போனாள்.

ரெண்டு மணிக்கு வீடு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. காலையில் ஐஸ் வண்டி பின்னால் எடுத்தபோது பஞ்சு சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. லைனிங் துணியில் சுற்றி, சந்துக் கோடியில் இருக்கும் காலி மனையில் புதைத்தாயிற்று. குழி வெட்டியது வலைக்காரர். ஆனால் அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஏழு மணிக்கு எழுந்து வரேன், கதவு திறந்து கிடக்கு. உன் வீட்டுக்காரர் கொல்லையில நின்னு பல் தேய்ச்சுக்கிட்டிருக்கார். கதவைத் திறந்து போட்டது நீங்களா தம்பின்னு கேட்டேன். துப்பிட்டு என்னையே பார்க்கறார். வாயத் திறக்கல. அப்புறம்தான் முனையில சத்தம் கேட்டுச்சு,” என்றாள் அக்கா.

இளையவள் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அக்கா அவள் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். அழுகிறவளைப் பிடித்துக்கொள்ளத்தான் கை போனது. கை போன பிறகு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் அவள் வலைக் கொட்டகைக்குப் போனாள். வலைக்காரர் ஒரு நீள வலையைக் காலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி, தட்டை ஊசியால் கண் கண்ணாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி வந்து நின்றதைப் பார்த்தும் ஊசியை நிறுத்தவில்லை.

“நீங்க எழுந்தப்ப கதவு எப்படி இருந்துச்சு?”

“திறந்துதான் இருந்துச்சு.”

“அக்காகிட்ட ஏன் சொல்லல?”

அவர் நாலு முடிச்சுப் போட்டார். “எங்கூட அவங்க பேசாட்டி எனக்கு என்ன குறைஞ்சுபோச்சு? ஏற்கெனவே நான் என்ன பேசிக் கிழிக்கறேன். உங்கூடப் பேசாட்டி நீ தாங்குவியா?”

அவள் தரையில் கிடந்த நூல் துண்டை எடுத்து விரலில் சுற்றினாள்.

“சொல்லணும்னு தோணுச்சுன்னா நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்,” என்றார் வலைக்காரர். அன்றைய நாற்பது வார்த்தைக்கு மேலேயே செலவழித்துவிட்டதால் அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு ஊசியை ஓட்டினார்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்தாள். நாளை வந்தது. அக்கா சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, “பார்த்தா சாது. தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்ல அந்த மனுஷனுக்கு நாக்கு வரலையே,” என்றாள். “விடு அக்கா” என்றாள் இளையவள். விடு என்று சொன்னது யாருக்காக என்பது அவளுக்கே தெரியும். இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.

இதற்கு நடுவில் சாம்பி ஒரு பக்கம் ஆரம்பித்தாள். கூடப் பிறந்தவளைத் தேடி ஒவ்வோர் அறையாகப் போனாள். கட்டிலுக்கு அடியில், துணிக்கூடையில், மெஷினின் மிதிகட்டைக்குப் பின்னால் எல்லாம் பார்த்தாள். பிறகு சமையலறை ஜன்னலில் ஏறி உட்கார்ந்து கொல்லையைப் பார்த்துக் கத்தினாள். வயிற்றை நக்கி நக்கி உள்ளங்கை அளவுக்கு முடியே இல்லாமல் ஆக்கிவிட்டாள். மிருக டாக்டர் வயிற்றைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். உடம்பில் நோய் ஒன்றும் இல்லை, துணை போனதும் சும்மா அடைந்து கிடப்பதும்தான் காரணம் என்றார். வெயில் பட வேண்டும், ஏறிக் குதிக்க இடம் வேண்டும், பார்க்க ஏதாவது வேண்டும், இப்படியே விட்டால் சாப்பாட்டை நிறுத்திவிடும் என்றும் சொன்னார்.

நாலாம் நாள் அக்கா சொன்னாள், டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஓர் அறை இருக்கிறதாம், மாதம் பிறந்ததும் போய்விடப் போகிறாளாம். “உம்மேல எனக்கு ஒண்ணும் இல்லடி. ஆனா அவர் இருக்கிற வீட்டுல கதவுக்கு நான் காவல் உக்கார முடியாது. அங்க மொட்டை மாடியாவது இருக்கு.” மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் முட்டி உயரம்தான் என்று இளையவளுக்குத் தெரியும். அதைச் சொன்னாள். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

வலைக்காரர் அந்தப் பேச்சைக் கூடத்திலிருந்து கேட்டார். மறுநாள் மாலை ஒரு தள்ளுவண்டியில் நாலு பழைய இரும்புக் குழாய்களும் ரெண்டு சிமெண்ட் மூட்டையும் வந்து இறங்கின. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கொல்லையில் கடப்பாரை போட ஆரம்பித்தார்.

கொல்லை என்பது சமையலறைச் சுவரிலிருந்து மதில் வரை பன்னிரண்டு அடி நீளம், எட்டடி அகலம். துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி, உடைந்த நாற்காலி. தொட்டிக்கு இந்தப் பக்கம் நாலு மூலையில் குழி எடுத்துக் குழாய்களை நட்டார். ஜன்னலிலிருந்து நேராக உள்ளே இறங்குகிற மாதிரி ஒரு பலகை போட்டார். மேலே ஒன்று, நடுவில் ஒன்று என்று உட்காரத் தட்டுகள் அடித்தார். மீன் பெட்டியைக் கவிழ்த்து ஓட்டை போட்டு ஒளிந்துகொள்ள இடம் செய்தார். நகம் தேய்க்க, படகிலிருந்து கழற்றிய ஒரு தடித்த கம்பத்துக்குக் கயிறு சுற்றினார். வெயிலுக்குப் பாதிக் கூரையில் தார்ப்பாய். கொட்டகை வேலை முடிந்து வந்து, வெளிச்சம் இருக்கிறவரை செய்வார். குனிந்து எழுந்தால் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். அக்கா ஜன்னலில் சாம்பியைப் பிடித்தபடி நின்று பார்ப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள், ஆனால் நகரவும் மாட்டாள்.

கம்பெனியில் இதைச் சொன்னபோது எதிர்மேஜைக்காரி இறாலை அப்படியே கீழே போட்டுவிட்டாள். “பூனைக்கு வீடு கட்டறாரா? நான் ஒரு துணிக்கொடி கட்டுங்கன்னு சொல்லி ஏழு வருஷம் ஆகுது. அடுத்த பிறவியில பூனையாப் பிறக்கணும்,” என்றாள். மேஜை முழுக்கச் சிரித்தது. இளையவளும் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூனைக்கூண்டுக்குக் கதவு வேலை. வாசல் ஒன்று வைப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் ரெண்டு வைத்தார். வெளிக்கதவைத் திறந்தால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம், அதைச் சாத்திவிட்டுத்தான் உள்கதவைத் திறக்க வேண்டும். ரெண்டுக்கும் சுருள்கம்பி மாட்டி, விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும்படி செய்தார். திருப்புளியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த இளையவள், எதற்கு ரெண்டு என்று கேட்டாள்.

“மனுஷங்கன்னா மறப்பாங்க. ஒண்ணு மறந்தா இன்னொண்ணு இருக்கட்டும்,” என்றார்.

அவர் குத்திக் காட்டிச் சொல்லவில்லை. குத்திக் காட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். திருப்புளியைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ச் சமையலறையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள்.

கடைசியாக வலை. ஒரு படகுக்காரர் கழித்துப் போட்ட நைலான் வலை, ரெண்டு விரல் நுழைகிற கண். கிழிசல்களை முடைந்து, படிந்த பாசியைக் கழுவி, நாலு பக்கமும் கூரையும் கட்டினார். அதைச் செய்யும்போது மட்டும் அவர் ஒருதடவைகூட அளவு பார்க்கவில்லை. கயிற்றில் கோத்து, சுருக்கி, ஒரு முடிச்சு, மறுபடி கோத்து, சுருக்கி, ஒரு முடிச்சு. முப்பது வருஷமாக அந்தக் கை இதைத்தான் செய்கிறது. முடிந்தபோது வலை மேலிருந்து கீழே அலை அலையாகத் தொங்கியது. காற்றடித்தால் மெல்ல உப்பி அடங்கியது. பார்க்க அழகாக இருந்தது. தெருவில் நாலு பேர் வந்து பார்த்துவிட்டு, கடலையே கொண்டுவந்து கொல்லையில் மாட்டிவிட்டார் என்றார்கள்.

பத்தாம் நாள் சாம்பி பலகையில் இறங்கினாள். முதலில் மூக்கு, பிறகு ஒரு கால். சிமெண்ட் தரையின் சூட்டில் பாதத்தை வைத்து எடுத்தாள். ஒரு தொட்டியில் வலைக்காரர் புல் போட்டு வைத்திருந்தார், அதைக் கடித்துப் பார்த்தாள். அன்றைக்கு முழுக்க மேல் தட்டில் படுத்து, மதிலில் வந்து உட்காரும் பறவைகளைப் பார்த்துத் தாடையைக் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வைத்த சாப்பாட்டைக் கிண்ணம் மின்னுகிறவரை நக்கினாள்.

மறுநாள் அக்கா தன் கையால் வலைக்காரருக்குச் சோறு போட்டாள். மீன் துண்டில் பெரியதாகப் பார்த்து வைத்தாள். பேசவில்லை. ஆனாலும் அந்த வீட்டில் அது பெரிய சமாச்சாரம். மாதம் பிறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது, டயர் கடைப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. இளையவளுக்கு நிம்மதி வந்தது. எல்லாம் தானாகச் சரியாகிறது, இனிமேல் எதற்காகச் சொல்ல வேண்டும், சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். நியாயம் நன்றாகத்தான் இருந்தது. ராத்திரி தூக்கம்கூட வந்தது.

பதிமூன்றாம் நாள் காற்று பலமாக இருந்தது. அவள் வேனிலிருந்து இறங்கிச் சந்துக்குள் நுழையும்போதே அக்காவின் குரல் கேட்டது. ஓடினாள். வலைக்காரரும் அப்போதுதான் மதியச் சாப்பாட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். சைக்கிள் விழுந்தது, அவர் எடுக்கவில்லை.

மதிலில் வந்த ஏதோ ஒரு பறவையைப் பிடிக்க சாம்பி மேல் தட்டிலிருந்து பாய்ந்திருக்கிறாள். வலை அவளைத் தடுக்கவில்லை. அவளோடு கூடவே வெளியே உப்பிப் போய், திரும்பி வரும்போது சுற்றிக்கொண்டது. ஒரு முன்னங்கால் ஒரு கண்ணுக்குள்ளும், கழுத்து இன்னொரு மடிப்புக்குள்ளும் மாட்டித் தரைக்கு நாலடி மேலே தொங்கிக்கொண்டிருந்தாள். உதற உதறச் சுற்று இறுகியது. அக்கா கீழே நின்று பூனையின் உடம்பை ரெண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். கையெல்லாம் கீறல், ரத்தம். பிடியை விட்டால் கழுத்து இறுகும், விடாமல் முடிச்சை அவிழ்க்கக் கை இல்லை.

வலைக்காரர் இடுப்புக் கத்தியை எடுத்தார். வலையைக் கத்தியால் கிழிப்பதென்றால் அவருக்கு உயிர் போகும், ஒரு கண் அறுந்தாலே முனகுகிறவர். மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தார். சாம்பி வலைத்துண்டோடு அக்காவின் மடியில் விழுந்தாள். கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு, கால் வீங்கியிருந்தது. மூச்சு இருந்தது.

அக்கா நூலை ஒவ்வொன்றாகக் கத்தரித்து எடுத்தாள். வலைக்காரர் தொங்குகிற வலையைக் கையில் பிடித்துப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார், விட்டார்.

“தொய்வா கட்டிட்டேன்,” என்றார். யாரிடம் என்றில்லாமல் சொன்னார். “மீன் வலையைத் தொய்வாத்தான் கட்டணும். பத்து முழத்தை அஞ்சு முழமா சுருக்கணும். அப்பத்தான் மீன் முட்டினா வலை கூடவே போய்ச் சுத்திக்கும். விறைப்பா இருந்தா முட்டிட்டுத் திரும்பிடும். கை பழக்கத்துல நான் பிடிக்கிற வலையைக் கட்டிட்டேன். இது என் தப்புதான் அக்கா.”

அக்கா தலை நிமிர்ந்தாள். பதிமூன்று நாள் பேசாததெல்லாம் அந்த முகத்தில் இருந்தது.

“ஒண்ணைக் கதவைத் திறந்து விட்டுக் கொன்னீங்க. அதுக்கு ஒரு வார்த்தை கிடையாது. இப்ப இதையும் தொங்க விட்டுட்டீங்க. உங்க வீட்டுச் சோத்தைத் தின்னுதுங்கன்னா? சொல்லியிருந்தா அன்னைக்கே போயிருப்பேனே. அதுங்க ரெண்டும் உங்களை என்ன பண்ணுச்சு?”

வலைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் இளையவள் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அவள் இன்னும் கொஞ்சம் தாமதித்திருப்பாளோ என்னவோ. அவர் பார்க்கவில்லை என்பதுதான் அவளைப் பிடித்துத் தள்ளியது.

“அது நான் அக்கா,” என்றாள்.

அக்காவுக்குப் புரியவில்லை.

“கதவு நான் திறந்து போட்டது. வேன் வந்துடுச்சு, கையில குப்பைப் பையும் டப்பாவும் இருந்துச்சு. காலால இழுத்துட்டு ஓடிட்டேன். முட்டல. அவர் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே அது திறந்துதான் கிடந்துச்சு. அவருக்குத் தெரியும், சொல்லல. எனக்கும் தெரியும்.”

அக்கா அவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு பூனையைத் துணிக்கூடையில் வைத்து, மூடி, செருப்பை மாட்டினாள். டாக்டரிடம்தான் போகிறாள். நானும் வரட்டுமா என்று வலைக்காரர் கேட்டார். “வாங்க தம்பி,” என்றாள். நானும் வரட்டுமா என்று இளையவள் கேட்கவில்லை.

அவர்கள் போனபின் அவள் தரையிலிருந்த நூல் துண்டுகளைப் பொறுக்கினாள். சோறு போட்டுச் சாப்பிடத் தோன்றவில்லை. கையில் இறால் நாற்றம் இருந்தது, சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள். அக்கா திரும்பி வந்து துணிகளை எடுத்து மடிக்கப் போகிறாள், மெஷினுக்கு வண்டி பிடிக்கச் சொல்லப் போகிறாள் என்று நினைக்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்தாள். ஆனால் சொல்லிவிட்டோம் என்பதில் ஒரு வெறுமையான ஆறுதலும் இருந்தது. அதை ஆறுதல் என்று ஒத்துக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஐந்தரைக்குத் திரும்பினார்கள். எலும்பு முறியவில்லை, பத்து நாளில் வீக்கம் வடிந்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம். இதை வலைக்காரர் சொன்னார். அக்கா கையைக் கழுவி, கீறல்களுக்கு மருந்து போட்டுக்கொண்டு, சமையலறை முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். வருகிற வழியில் டயர் கடையில் நின்று அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகு தங்கையைப் பார்த்தாள்.

“அன்னைக்கு என் தலையைத் தடவிக் குடுத்தியே, அப்பவே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“இந்த மனுஷனை நான் வாய்க்கு வந்தபடி பேசினப்ப?”

“தெரியும்.”

“கதவு யாருக்கும் மறக்கும்டி. எனக்கும் ஒருநாள் மறக்கும். அதுக்காக உன்னை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா எதிர்ல உக்காந்து எங்கூடச் சாப்பிட்டியே. விடு அக்கா, விடு அக்கான்னு சொன்னியே.”

இளையவளுக்குச் சொல்ல இருந்தது ஒரே ஒரு வார்த்தைதான், அது அப்போது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

“சொல்றதுக்கு உனக்குப் பதிமூணு நாள் ஆச்சு. எனக்கும் பதிமூணு நாள் வேணும். அதுவரைக்கும் எங்கிட்டப் பேசாத. அப்புறம் பார்க்கலாம்,” என்றாள் அக்கா.

அக்கா தையல்காரி. அரை அங்குலம் என்றால் அரை அங்குலம்தான் வெட்டுவாள். அவள் பதிமூன்று என்றால் பன்னிரண்டு ஆகாது என்று தங்கைக்குத் தெரியும்.

அடுத்த நாளிலிருந்து அந்த வீட்டில் அக்காவும் வலைக்காரரும் பேசினார்கள். அதுவும் எப்படி. தொங்கிய வலை முழுவதையும் அவிழ்த்துப் போட்டு, தடித்த நூலில் முடைந்த வேறு வலை கொண்டுவந்தார். அக்கா அளவு நாடாவோடு கொல்லையில் இறங்கினாள். குழாய்க்குக் குழாய் கம்பி இழுத்து, சாணுக்கு ஒரு கட்டு. “இன்னும் இழுங்க தம்பி. எம்ப்ராய்டரி வளையத்துல துணி மாட்டினா விரலால தட்டறப்ப சத்தம் வரணும். அந்த மாதிரி வரட்டும்,” என்பாள். அவர் கால் வைத்து இழுப்பார். அவருடைய கை பழையபடி சுருக்கப் போகும், அவள் ‘ம்ஹும்’ என்பாள், அவர் அவிழ்த்து மறுபடி கட்டுவார். ஒருநாள் அவர் எதையோ சொல்ல, அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். நாற்பது வார்த்தைக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று இளையவளுக்குச் சமையலறையில் தலை வெடித்தது. வயிற்றெரிச்சல்தான், வேறு பெயர் கிடையாது. போய்க் கேட்கவும் முடியாது.

வேலை முடிந்ததும் அக்கா உள்ளே போய் நாலு பக்கமும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். தோளை வைத்துச் சாய்ந்தும் பார்த்தாள். வலை உள்ளே போகாமல் அவளைத் திருப்பித் தள்ளியது. சரி என்று தலையாட்டினாள். மெஷினைச் சமையலறை ஜன்னலோரத்துக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள். தைத்துக்கொண்டே பூனையைப் பார்க்கலாம்.

இளையவள் காலையில் போனாள், இறால் உரித்தாள், ரெண்டு மணிக்கு வந்தாள். அவளுக்கான சோறு மூடி வைத்திருக்கும். அக்கா பேச மாட்டாள். எதிர்மேஜைக்காரி ஒருநாள், என்ன, பூனை வீட்டுக்காரி முகம் விழுந்து கிடக்கிறது என்று கேட்டாள். பல்வலி என்றாள்.

அக்கா வைத்த கெடுவில் பதினோராம் நாள் மத்தியானம் வெயில் இதமாக இருந்தது. அவள் வந்ததும் கை கழுவக்கூட இல்லை. வெளிக்கதவைத் திறந்து, சாத்தி, உள்கதவைத் திறந்து, சாத்தி, தார்ப்பாய் நிழலில் தரையில் போய் உட்கார்ந்தாள். ஏன் போனாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கால் வலித்தது, உட்கார வேண்டும்போல இருந்தது. சாம்பி மேல் தட்டிலிருந்து பார்த்தாள். வீங்கிய கால் சரியாகிவிட்டிருந்தது, வயிற்றில் முடி குச்சி குச்சியாக முளைத்திருந்தது. இறங்கி வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தாள். பிறகு மடியில் ஏறி ரெண்டு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டாள்.

ஜன்னலுக்கு உள்ளே மெஷின் நின்றது.

“கொஞ்சம் இறால் வாசனை அடிச்சா போதும், யார் மடியில வேணும்னாலும் போய் உக்காந்துக்குவியா?” என்றாள் அக்கா.

இளையவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “இன்னும் ரெண்டு நாள் இருக்கே அக்கா.”

“நான் பூனைகிட்டப் பேசறேன்.”

இளையவள் குனிந்து சாம்பியைப் பார்த்தாள். கழுத்தில் அந்தக் கோடு இன்னும் லேசாகத் தெரிந்தது. அதைத் தொடாமல் காதுக்குப் பின்னால் தடவினாள். கதவைப் பற்றிச் சொன்னோம், யார் செய்தது என்று சொன்னோம், எப்படி நடந்தது என்றும் சொன்னோம். அந்த ஒரு வார்த்தையை மட்டும் இன்னும் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“சாம்பி,” என்றாள். “உங்கூடப் பொறந்தவளை நான்தான் வெளிய விட்டேன். வேணும்னு விடல. ஆனா நான்தான். சொன்னா உங்கம்மா என்னை விட்டுட்டுப் போயிடுவாளோன்னு பயந்து வாயை மூடிக்கிட்டிருந்தேன். பழி இன்னொருத்தர் தலையில விழறதையும் பார்த்துக்கிட்டிருந்தேன். என்னை மன்னிச்சிடு.”

சாம்பி கண்ணை மூடிக்கொண்டு அவள் கட்டைவிரலை நக்கினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஐஸ் வண்டி ஒன்று பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. இளையவள் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

“அவளுக்குக் கேட்டுச்சாம்,” என்றாள் அக்கா. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மெஷினில் நூலைக் கோத்தாள். “மீதியை ரெண்டு நாள் கழிச்சுப் பேசறாளாம்.”

“சரின்னு சொல்லு,” என்றாள் இளையவள் பூனையிடம்.